இருபதாவது நிமிடம்

யசோதா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் சொந்தக்காரர்களைக் கேட்டால் "ஆராய்ச்சி" என்பார்கள். அவளையே கேட்டால் "எச்சில் பிடிக்கிறேன்" என்பாள். இரண்டும் உண்மைதான். கோயம்புத்தூருக்கு மேற்கே, மலை தெரிகிற தூரத்தில் இருந்த அந்தத் தடகளப் பயிற்சி மையத்தில் முப்பத்தாறு பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். ஓடி முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே அவள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஆளுக்கொரு சின்னக் குழாய். அதில் துப்ப வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடியும். பிறகு இருபது, நாற்பது, அறுபது. மேஜை மேல் நிமிடத்தைத் திருகி வைக்கிற ஒரு மணிக்காட்டி இருந்தது. அது கத்தும்போதெல்லாம் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் துப்புவார்கள்.

"எச்சில் அக்கா" என்றுதான் அவளுக்குப் பெயர். முதல் மாதம் கொஞ்சம் வலித்தது. அப்புறம் பழகிவிட்டது. கணவன் கதிர்வேல் மட்டும் தினமும் காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடும்போது, "போய் நல்லா வாங்கிட்டு வா புள்ளே" என்று சிரிப்பான். அவன் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அவன் கேலிதான் சத்தம்.

அருப்புக்கோட்டையிலிருந்து அங்காளேஸ்வரி வந்து சேர்ந்தது ஒரு ஜூன் மாதம். பதினெட்டு வயது. எல்லோருக்கும் ஈசு. அவள் ஓடுகிறவள் அல்ல, நடக்கிறவள். வேகநடை என்று ஒரு போட்டி இருக்கிறது. எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம், ஆனால் எந்த நொடியிலும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் தரையை விட்டால் நடுவர் அட்டை காட்டுவார். மூன்று சிவப்பு அட்டை சேர்ந்தால் வெளியே போக வேண்டியதுதான். இடுப்பை ஒடித்து ஒடித்து அவர்கள் போகிற போக்கைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஈசு வந்த முதல் நாள் யசோதாவுக்கும் வந்தது.

"சிரிச்சுக்கோங்கக்கா. எங்க தெருவே சிரிச்சிருச்சு. எங்கப்பா ஒருத்தர்தான் சிரிக்கல" என்றாள் ஈசு.

அப்பா சோலைராஜ் பால்காரர். விடியற்காலையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவார். பக்கத்திலேயே மகள் நடப்பாள். போனில் வீடியோ பார்த்து விதிமுறையை அவரே படித்துக்கொண்டார். வண்டி விளக்கை அவள் பாதத்தின் மேல் அடித்துக்கொண்டே வருவார். இரண்டு காலும் எழும்பியது போலத் தெரிந்தால் தெரு அதிர ஒரு சத்தம் போடுவார். "ஏத்தா, காலு!"

"பால் வாங்க வந்த பொம்பளைங்க எல்லாம் குனிஞ்சு அவங்கவங்க காலப் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஈசு விழுந்து விழுந்து சிரித்தாள். "இப்பவும் நடக்கும்போது காதுக்குள்ள அந்தச் சத்தம் கேக்கும்க்கா. அது கேக்குற வரைக்கும் எந்த நடுவரும் என்னைப் புடிக்க முடியாது."

அந்த மையத்துக்கு ஒரு கம்பெனி உதவி செய்துகொண்டிருந்தது. அவர்கள் தயாரித்த பொடியின் பெயர் தணி. சோயாவிலிருந்து ஏதோ ஒரு கொழுப்பைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் அதன் கையையும் காலையும் மாற்றி வைத்திருந்தார்கள். ஊக்கமருந்துப் பட்டியலில் அது இல்லை, சாப்பாட்டுப் பொருள் என்றே பதிவாகியிருந்தது. பயிற்சி முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். ஆரஞ்சு வாசனை போட்டிருந்தார்கள், ஆனாலும் குடித்தபின் நாக்கில் மாவு அப்பியது போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

"இது என்னத்துக்குக்கா?" என்று ஈசு முகத்தைச் சுளித்தாள்.

"மில்லுல சங்கு ஊதும்ல கண்ணு, அந்த மாதிரி உடம்புக்குள்ளயும் ஒரு சங்கு இருக்குது. கார்ட்டிசால்னு ஒரு சுரப்பு. நீ அம்புட்டுத் தூரம் நடந்தா, என்னமோ ஆபத்துன்னு நெனச்சுட்டு அது ஊத ஆரம்பிச்சுரும். நீ நடந்து முடிச்சது அதுக்கெங்க தெரியும்? அது பாட்டுக்கு ஊதிட்டே இருக்கும். தசை கரையும், தூக்கம் கெடும், நாளைக்கு நடக்கறதுக்குக் காலு வராது. இந்தப் பொடி அந்தச் சங்க நிறுத்திப் போடும். நிறுத்துதா இல்லையான்னு பாக்கத்தான் உன் எச்சில்."

ஈசு டம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டுக் கேட்டாள். "சங்க நிறுத்திட்டா, நெசமாவே ஆபத்து வந்துச்சுன்னா?"

"கேள்வி மட்டும் நல்லாக் கேளு. துப்பு."

அடுத்த ஒன்றரை வருடத்தில் யசோதா ஈசுவின் உடம்பைத் தன் உள்ளங்கை போலப் படித்து வைத்திருந்தாள். நானூறுக்கும் மேற்பட்ட வரைபடங்கள். நடந்து முடித்ததும் கோடு மேலே ஏறும். தணி குடித்தபின் சரியும். இருபதாவது நிமிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மெல்ல எழும். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஈசுவுக்கு மட்டும் கடிகாரம் வைத்தது போல இருபது.

தேசிய அணிக்கான தேர்வுப் போட்டி மையத்துக்கு எதிரில் இருந்த சாலையிலேயே நடந்தது. இரண்டு கிலோமீட்டர் சுற்று, பத்துத் தடவை. காலை ஆறரைக்குத் தொடக்கம். ஐந்தரை மணிக்குப் பயிற்சியாளர் ஜெபராஜ் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து கதவைச் சாத்தினார். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள், குரலே மைக் மாதிரி இருக்கும். அன்றைக்குத் தாழ்த்திப் பேசினார்.

"யசோதா, ஈசுக்க அப்பா போயிட்டாரும்மா."

"எங்கீங்க சார் போயிட்டாரு?" என்று அவள் கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் புரிந்தது.

நான்கு மணிக்குப் பால் ஊற்றப் போனவர், ஒரு வீட்டு வாசலில் வண்டியோடு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. போன் செய்தது அவருடைய அண்ணன், ஈசுவின் பெரியப்பா.

"அவரே சொல்லுதாரு, 'போட்டி முடியட்டும் சார், அதுக்கப்புறம் சொல்லுங்க. அவன் கண்ட கனவே அதுதான், அத நாம கெடுத்துரக் கூடாது'ன்னு. நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி மறைச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும், முடிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே வர்ற பிள்ளைகிட்ட போய்ச் சொல்லும்போது… ஒருத்தி மயங்கி விழுந்து மண்ட ஒடஞ்சுது." ஜெபராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எப்பம்மா சொல்ல? அவ ஒடம்பு ஒனக்குத்தான் தெரியும். நீ சொல்லு."

விளையாட்டு உலகத்தில் இது புதிதல்ல. சாவுச் செய்தியை விசில் ஊதும்வரை சட்டைப்பைக்குள் வைத்திருப்பது எல்லோரும் செய்கிறதுதான், அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. யசோதாவுக்கும் இல்லை. அவளுக்கு அந்தப் பெண் மேல் உயிர். அடிபடப் போகிற குழந்தைக்குக் கீழே எதையாவது மெத்தென்று விரிக்க முடியுமா என்றுதான் அவள் மனம் தவித்தது. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

"தணி குடிச்சு இருவதாவது நிமிஷம்ங்க சார்" என்றாள். "அப்ப அவளுக்குக் கோடு அடியில இருக்கும். அப்பச் சொன்னா தாங்கிக்குவா."

"நெசமாவா?"

"நானூறு தடவ பாத்திருக்கறனுங்க."

ஈசு அன்றைக்கு நடந்த நடையை அங்கே நின்றிருந்தவர்கள் பிறகு வருடக்கணக்கில் பேசினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் யசோதாவின் மேஜையைத் தாண்டும்போது புருவத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். யசோதா சிரித்துவைத்தாள். பத்தாவது சுற்றை முடித்தபோது இரண்டாவதாக வந்த பெண் கண்ணுக்கே தெரியவில்லை. தேசிய அணியில் இடம் உறுதி. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஈசு நேராக மேஜைக்குத்தான் வந்தாள்.

"அக்கா, அப்பாவுக்குப் போன் போட்டுக் குடுங்க."

"மொதல்ல துப்பு. இதக் குடி. அப்புறம் போன்." யசோதா பொடியை மேஜையில் சிந்தினாள். ஒரு கரண்டிக்கு ஒன்றரையாகப் போட்டாள். மணிக்காட்டியை நேராக இருபதுக்குத் திருகி வைத்தாள்.

அந்த இருபது நிமிடமும் ஈசு வாய் மூடவில்லை. ஏழாவது சுற்றில் ஒரு நடுவர் மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்துவிட்டாராம். "அத மட்டும் அப்பாகிட்டச் சொல்லிராதீங்கக்கா. வைவாரு. பால் ஊத்துற வீடு பூரா சொல்லிக்கிட்டுத் திரிவாரு, எம்மக கால் தூக்கிட்டான்னு." ஷூவைக் கழற்றினாள். கொப்புளத்தை அமுக்கிப் பார்த்தாள். வாழைப்பழம் தின்றாள். யசோதாவுக்கு அந்த வாழைப்பழத் தோல்கூட இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

மணி கத்தியது. ஈசு துப்பிக் குழாயைக் கொடுத்தாள். ஜெபராஜ் அவள் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சொன்னார்.

ஈசு அவர் முகத்தைப் பார்த்தாள். யசோதாவைப் பார்த்தாள். "அப்படியா சார்" என்றாள். கழற்றிய ஷூவைக் கையில் எடுத்தாள். பிறகு, "எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டாள்.

"கார் ஏற்பாடு பண்ணிருக்கேம்மா."

"சரிங்க சார். ஷூ ஈரமா இருக்கு, வேற செருப்பு எடுத்துக்கிறேன்." எழுந்தவள் ஏதோ நினைவு வந்து உட்கார்ந்தாள். "நாப்பதாவது நிமிஷம் ஒண்ணு துப்பணும்லக்கா?"

துப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். யசோதாவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கார் கதவருகில் ஓடிப்போய் இரண்டு பொட்டலம் தணியை அவள் கையில் திணித்தாள். "வழியில ஒண்ணு குடிச்சுக்கோ சாமி. வீட்டு வாசல்ல எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு."

அக்கா சொன்னால் ஈசு தட்டமாட்டாள். இரண்டையும் குடித்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஈசு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். குழாய்களைப் போட்டு வைக்கிற உறைபெட்டியின் முன்னால் நின்றாள்.

"அன்னைக்குத் துப்புனது இதுக்குள்ள இருக்காக்கா?"

"எதுக்குக் கண்ணு?"

"அதுல என் அழுகை இருக்குமான்னு பாக்கணும்."

யசோதா கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். ஈசு சாதாரணமாகத்தான் பேசினாள். மெஸ்ஸில் போடுகிற சாம்பாரைப் பற்றிப் பேசுகிற குரல்.

"வீட்டுக்குப் போனேன்லக்கா. பொம்பளைங்க வட்டமா உக்காந்து கட்டிப்புடிச்சு அழுதாங்க. எங்க பக்கம் எல்லாரும் அவங்கவங்க வீட்டுச் செத்தவங்களையும் சேத்துச் சொல்லித்தான் அழுவாங்க. நடுவுல என்னை இழுத்து உக்கார வச்சாங்க. எனக்கு எதுவுமே வரல. பெஞ்சுல உக்காந்து வேற யாரோ நடக்குறதப் பாக்குற மாதிரி இருந்துச்சு. எங்கம்மா என் மொகத்தப் பாத்தா. பாத்துட்டு அழுகைய நிறுத்திட்டா. அதுலேருந்து எங்கிட்டச் சரியாப் பேசுறதில்ல. ஊர்ல என்ன பேசிக்கிறாங்கன்னா, மெடல் கெடைச்சதும் அப்பன் பெருசாத் தெரியல அவளுக்குன்னு."

"அப்புறம் வந்திருக்குமே கண்ணு. பொடி எறங்குனப்புறம்?"

"வரும் வரும்னு பாத்தேன். ஒரு மாசமாப் பொடியத் தொடவே இல்ல. அப்பா செத்துட்டாருன்னு தெரியுது. அருப்புக்கோட்டைக்குக் கடைசி பஸ் ஒம்பதே முக்கால்னு தெரியிற மாதிரித் தெரியுது. அவ்வளவுதான். அன்னைக்கு நடந்தது பாதி ஞாபகமே இல்ல. போட்டோவப் பாத்தாத்தான் நான் அங்க நின்னேன்னு தெரியுது."

யசோதா கணினியைத் திறந்து அந்த நாளின் வரைபடத்தைக் காட்டினாள். மறைக்கத் தோன்றவில்லை. மேலே ஏறிய கோடு, சரிந்து, இருபதில் தரையைத் தொட்டு, நாற்பதிலும் தரையிலேயே கிடந்தது. ஈசு திரையில் விரலை வைத்து அந்தத் தட்டைக் கோட்டின் மேல் இழுத்தாள்.

"இதுதான் எங்கப்பா செத்ததா?"

யசோதா தெரிந்ததைச் சொன்னாள். "அந்தச் சங்கு சும்மா ஊதறதில்ல கண்ணு. நல்லதோ கெட்டதோ, பெருசா ஒண்ணு நடந்தா அதத்தான் அது மனசுக்குள்ள அடிச்சு எறக்குது. அது ஊதாத நேரத்துல வந்த சேதி மேலாப்புலயே நின்னுருது. நான் இத யோசிக்கல. உனக்கு வலிக்கக் கூடாதுன்னு மட்டும்தான் யோசிச்சேன்."

"இப்ப ஊத வைக்க முடியாதா?"

"எதச் சொல்லி ஊத வைக்கறது? உனக்குத்தான் சேதி தெரிஞ்சு போச்சே."

ஈசு தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால் யசோதாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, "இப்ப நடக்கும்போது காதுக்குள்ள அந்தச் சத்தம் கேக்கிறதில்லக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருடம் வெளிநாட்டில் நடந்த முதல் போட்டியில் பன்னிரண்டாவது கிலோமீட்டருக்குள் மூன்று சிவப்பு அட்டை. அடுத்ததிலும் அதுவே. அதற்கடுத்த போட்டிக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. ஜெபராஜ் அவளை மையத்திலேயே உதவிப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். அம்மா இருந்த வீட்டுக்கு அவள் பொங்கலுக்கு மட்டும் போய்வந்தாள். புதிதாக வந்த பெண்களோடு சைக்கிளில் கூடவே போய், "காலு! காலு!" என்று கத்துவாள். வார்த்தை அப்பாவுடையது. அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை என்பதை யசோதா மட்டும் அறிவாள்.

ஆனால் அந்தத் தட்டைக் கோடு அதோடு நிற்கவில்லை. கம்பெனி டாக்டர் ரகோத்தமன் மாதாந்திர அறிக்கையில் அதைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து நேரில் வந்தார். தந்தை இறந்த செய்தியைக் கேட்டும் ஏறாத கார்ட்டிசால். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். யசோதா ஈசு சொன்னதையெல்லாம் நான்கு பக்கம் எழுதி அவருக்கு அனுப்பினாள். ஒரு ஆள் சொல்வது புள்ளிவிவரம் ஆகாது என்று பதில் வந்தது. அந்த ஒரு ஆளின் எச்சில் மட்டும் எப்படிப் புள்ளிவிவரம் ஆனது என்று அவள் கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை. கட்டுரை வெளியானது. இருபது நிமிடக் கணக்குக்காக யசோதாவின் பெயரையும் கடைசியில் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள்.

இரண்டே வருடத்தில் தணி மைதானத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. முதலில் ஆஸ்பத்திரிகள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர் வெளியே வருவதற்கு இருபது நிமிடம் முன்னால் ஒரு நர்ஸ் வந்து, காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு நிற டம்ளர் கொடுப்பாள். விபத்து நடந்தால் உதவி மையத்தில் கொடுத்தார்கள். தேர்வு முடிவு வருகிற அன்று பள்ளிக்கூடங்களில் கொடுத்தார்கள். எங்கும் கூச்சல் இல்லை, மயக்கம் இல்லை, டாக்டர் சட்டையைப் பிடிக்கிற சண்டை இல்லை. எல்லோருக்கும் வசதியாக இருந்தது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பாசத்தோடு நீட்டுகிற டம்ளரை நம் ஊரில் யார் வேண்டாம் என்பார்கள்?

கொஞ்ச நாளில் ஜனங்கள் விவரமாகிவிட்டார்கள். ஆரஞ்சு டம்ளரைப் பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். கம்பெனி உடனே நிறத்தையும் வாசனையையும் எடுத்துவிட்டுக் காபியிலும் டீயிலும் கரைகிற மாதிரி மாற்றியது. அதன் பிறகு துக்க வீடுகள் கல்யாண மண்டபத்து வரவேற்பு போல ஆயின. மத்தியானத்துக்குள் காரியம் முடிந்து, கலைந்து போனார்கள். மறுவருடம் திதிக்கு நாள் நினைவில்லாமல் இறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார்கள்.

"ஏம்புள்ளே, உன்ற பொடி சாவு வூட்டுக்கெல்லாம் போயிருச்சாமா?" என்று ஒருநாள் ஸ்கூட்டரில் போகும்போது கதிர்வேல் கேட்டான்.

"என்ற பொடின்னு சொல்லாதீங்க."

"செரி, சொல்லல. ஆனா ஒண்ணு. நான் போனா ஒரு மூச்சு நல்லா அழுதுரோணும், ஆமா. இருவத்திரண்டு வருசமா பெட்ரோல் போட்டுக் கொண்டாந்து வுட்டிருக்கறேன், சும்மா காபியக் குடிச்சுப்போட்டு வேலையப் பாக்கக் கூடாது."

"வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

சோலைராஜ் இறந்து நான்கு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். வெளியே பெண்கள் பயிற்சி முடித்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பொடி கொடுத்தாயிற்று, மணிக்காட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்துக்குள் போன் கொண்டுவரக்கூடாது என்பது விதி. யசோதாவின் போன் அலுவலக அறையில் லாக்கருக்குள் இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஈசு வந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர்.

"ஜெபராஜ் சார் உங்களுக்குக் காபி குடுத்துவிட்டாருக்கா."

ஜெபராஜ் சார் இத்தனை வருடத்தில் யாருக்கும் காபி கொடுத்துவிட்டதில்லை. யசோதா கையுறையைக் கழற்றிவிட்டு டம்ளரை வாங்கினாள். அதில் கனமே இல்லை. குனிந்து பார்த்தாள். காலி. விளிம்பை ஒட்டி உள்பக்கம் மெல்லிதாக ஒரு வெள்ளைப் படலம், மாவு தடவியது போல. அந்தப் படலத்தை ஆயிரம் டம்ளர்களில் பார்த்து, கழுவி வைத்தவள் அவள்.

"வர்ற வழியில வேப்பமரத்தடியில கொட்டிட்டேன்க்கா" என்றாள் ஈசு.

யசோதா டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? யோசிக்க ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"யாரு கண்ணு?"

"மாமா."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் எதற்கோ சிரித்தாள்.

"உங்கள விட்டுட்டுக் கம்பெனிக்குப் போயிருக்காரு. வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு அப்படியே பக்கத்துல உக்காந்துட்டாராம். தூக்கிட்டு ஓடியிருக்காங்க. போற வழியிலயே முடிஞ்சிருச்சுக்கா." ஈசு ஒரு வார்த்தையையும் மெல்லவில்லை, எதையும் சுற்றிவளைக்கவில்லை. "சார் உங்க மேல இருக்கிற பாசத்துலதான் கலக்குனாரு. குடிக்க வச்சுட்டு வா, இருவது நிமிஷம் கழிச்சு நான் வந்து சொல்லுதேன்னாரு. அதுவும் நீங்க சொன்ன கணக்குதான்னாரு."

அந்த ஒரு கணம், உண்மையைச் சொன்னால், டம்ளர் நிறைந்திருக்கக் கூடாதா என்று யசோதா ஏங்கினாள். அழுகை வருவதற்குள் ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அலமாரி மூன்றடி தூரத்தில் இருந்தது. உள்ளே இரண்டு பெட்டி தணி. தண்ணீர் கேன் பக்கத்திலேயே. அவள் பார்வை போன இடத்தை ஈசுவும் பார்த்தாள்.

"சாவி உங்ககிட்டத்தான் இருக்கு. வேணும்னா கலக்கிக் குடிங்க. நான் தடுக்க மாட்டேன்." நகர்ந்து வழிவிட்டாள். "ஆனா கேக்காமக் குடுக்கக் கூடாதுல்லக்கா."

யசோதாவின் கை இடுப்பில் சொருகியிருந்த சாவிக்குப் போனது. சாவியைத் தொட்டது. அந்த விரல்களால்தான் காலையில் ஸ்கூட்டரை விட்டு இறங்கியதும் அவன் தலைக்கவசத்தைச் சரிசெய்து மாட்டிவிட்டிருந்தாள். பட்டை இறுக்கமாக இருக்கிறது என்று முனகினான். "நாளைக்குத் தளர்த்தித் தர்றேன், போங்க" என்றிருந்தாள். இன்னும் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

டம்ளர் கீழே விழுந்து உருண்டது. முதலில் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு வந்தது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. தரையில் விழுந்தாள். மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். வெளியே பெண்கள் பேச்சு நின்றது. யாரோ கதவருகில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு விலகினார்கள்.

மணிக்காட்டி கத்தியது. இருபதாவது நிமிடம். பெண்கள் குழாயை வைத்துக்கொண்டு வெளியே நின்றார்கள். வாங்க ஆளில்லாமல் அது கத்திக்கொண்டே இருந்தது, தானாக ஓயும்வரை.

ஈசு தரையில் உட்கார்ந்து யசோதாவின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள். அவள் கண்கள் காய்ந்துதான் இருந்தன. அழுகிற முகத்தை வெகுநேரம், ஒரு அசைவையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து காதோடு சொன்னாள்.

"அக்கா, எங்கப்பாவுக்கும் சேத்து அழுதுருங்கக்கா."

யசோதா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.